பி-32க்கு முன்னாடி ஈயம் வெச்சா ஏன் எக்ஸ்ரே கூடுது?

தரமணி_பயோ:
எல்லாருக்கும் வணக்கம். தரமணி பக்கம் ஒரு லேப்ல மாலிகுலர் பயாலஜி பிஎச்டி பண்றேன், பிசிக்ஸ் ப்ளஸ் டூவோட நின்னுடுச்சு, அதனால கொஞ்சம் அடிப்படைலேர்ந்து சொல்லுங்க. டிஎன்ஏ லேபிள் பண்ண பி-32 (கதிரியக்க பாஸ்பரஸ்) யூஸ் பண்றோம். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு சாய்வா நிக்கிற அக்ரிலிக் ஷீல்டு, அதுக்குப் பின்னாடி உக்காந்து ரெண்டு பக்கமும் கைய விட்டு பிப்பெட் பண்ணணும். பக்கத்து பெஞ்ச்லயே லெட் பிரிக் அடுக்கி வெச்சிருக்காங்க, அத எடுத்து பி-32 இருக்கிற வயலுக்கு (சின்ன குப்பி) முன்னாடி வெக்கலாமான்னு கேட்டதுக்கு சீனியர் அக்கா "ஐயோ மொதல்ல ஈயத்த வெக்காத, எக்ஸ்ரே வரும்"னாங்க. ஏன்னு கேட்டா "ரூல் அப்படித்தான்"ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு புரியாதது என்னன்னா பி-32 வெறும் பீட்டா தான, காமாவே கிடையாது, பீட்டான்னா எலக்ட்ரான், அப்ப எக்ஸ்ரே எங்கேர்ந்து வருது? அதுவும் எக்ஸ்ரேவ தடுக்கத்தான ஈயமே, அதுலேர்ந்தே எப்படி எக்ஸ்ரே வரும்? யாராவது பொறுமையா சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

பெரம்பூர்_ராக்கெட்:
அது செரன்கோவ் கதிர்வீச்சு. ரியாக்டர் தண்ணிக்குள்ள நீலமா ஜொலிக்குமே அதே தான். எலக்ட்ரான் ரொம்ப வேகமா ஒரு பொருளுக்குள்ள போனா லைட் விடும்.

கதிர்_மெட்பிசிக்ஸ்:
இல்ல சகோ, செரன்கோவ் வேற, அது யாராவது கீழ சொல்லுவாங்க. இங்க கேக்குறது பிரெம்ஸ்ஷ்ட்ராலுங்.

தரமணி, நான் சென்னைல ஒரு கேன்சர் ஆஸ்பத்திரில மெடிக்கல் பிசிசிஸ்ட், இது எங்க அன்றாட சாப்பாடு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். ஈயம் பீட்டாவ தடுக்காதுன்னு இல்ல, நல்லாவே தடுக்கும், சுமார் 1 மில்லிமீட்டர் இருந்தாலே பி-32 எலக்ட்ரான் எல்லாம் நின்னுடும். அது எப்படி நிக்குதுங்கறதுல தான் விஷயமே இருக்கு. பொருளுக்குள்ள போற எலக்ட்ரான் ரெண்டு வழில எனர்ஜிய விடும். ஒண்ணு, போற வழில இருக்கிற மத்த எலக்ட்ரான்கள தட்டி தட்டி கொஞ்சம் கொஞ்சமா விடுறது, அது கடைசில சூடா மாறிடும், யாருக்கும் தொந்தரவு இல்ல. இன்னொண்ணு, அணுக்கருவுக்கு கிட்ட போயி, அதோட பாசிட்டிவ் சார்ஜ் இழுக்க, பாதை வெடுக்குனு வளைஞ்சு, அந்த வளைவுல ஒரு போட்டானை வெளிய தள்ளிட்டு மிச்ச எனர்ஜியோட போறது. இது தான் பிரெம்ஸ்ஷ்ட்ராலுங், உங்க சீனியர் சொன்ன எக்ஸ்ரே. ஈயத்துக்குள்ள எக்ஸ்ரே ஒளிஞ்சிருக்கல, உங்க எலக்ட்ரான் தான் அத அங்க உண்டாக்குது.

இப்ப எந்தப் பொருள்ல எவ்வளவுங்கறது அணு எண்ண பொறுத்தது. ஈயத்துக்கு 82. அக்ரிலிக்ல இருக்கிறது ஹைட்ரஜன் 1, கார்பன் 6, ஆக்சிஜன் 8, அவ்ளோ தான். அணுக்கரு சார்ஜ் கூட இருந்தா இழுப்பு கூட, வளைவு கூட. ஒரு அணுவுக்கு இவ்வளவுன்னு பாத்தா இந்த கதிர்வீச்சு அணு எண்ணோட வர்க்கமா ஏறும், ஆனா பெரிய அணுல தட்டுறதுக்கு எலக்ட்ரானும் நிறைய இருக்கறதால, மொத்த எனர்ஜில எத்தன பங்கு எக்ஸ்ரேயா போகுதுன்னு கேட்டா அது அணு எண்ணுக்கு நேர் விகிதமா வந்து நிக்கும். பீட்டாவுக்கு நாங்க வெச்சிருக்கிற கைக்கணக்கு 0.00035 பெருக்கல் அணு எண் பெருக்கல் பீட்டாவோட உச்ச எனர்ஜி, எம்இவில (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). பி-32க்கு உச்சம் 1.71. ஈயத்துல போட்டா 5 சதவீதம் கிட்ட வரும், அக்ரிலிக்ல 0.4 சதவீதம் தான். பத்து மடங்குக்கு மேல வித்தியாசம், அதுவும் ஈயத்துலேர்ந்து வர்ற போட்டான் 1.71 எம்இவி வரைக்கும் எந்த எனர்ஜிலயும் இருக்கலாம், நிறைய பங்கு சின்ன எனர்ஜி தான்னாலும் பெருசா வர்ற ஒண்ணு ரெண்டு உங்க ஷீல்ட தாண்டி உங்க வரைக்கும் வரும்.

ஒண்ணு நியாயமா சொல்லணும், ரொம்ப தடியா ஈயம் வெச்சா அது தான் உண்டாக்குன எக்ஸ்ரேவ பெரும்பாலும் அதுவே முழுங்கிடும், அதனால 5 செமீ லெட் பிரிக் ஒண்ணும் ஆபத்தான பொருள் இல்ல. மோசமானது மெல்லிசான ஈயத் தகடு. பீட்டாவ நிறுத்தவும் செய்யும், எக்ஸ்ரே உண்டாக்கவும் செய்யும், அத தடுக்கத் தெம்பும் இருக்காது. ஆக்டிவிட்டி (கதிரியக்க அளவு) நிறைய இருந்தா சரியான வரிசை என்னன்னா உள்ள அக்ரிலிக், வெளிய ஈயம். எலக்ட்ரான லேசான பொருள்ல நிறுத்திட்டு, அங்க வர்ற கொஞ்சநஞ்ச எக்ஸ்ரேவ வெளிய ஈயத்துல பிடிச்சுக்கணும். வரிசைய மாத்தினா பலன் போச்சு.

எங்க வேலைல இதையே வேணும்னு பண்றோம். கேன்சருக்கு கதிர்வீச்சு குடுக்கிற லினாக் மெஷின்ல எலக்ட்ரான 6 எம்இவி வரைக்கும் ஓட விட்டு டங்ஸ்டன் டார்கெட்ல கொண்டு போயி மோத விடுறோம், அணு எண் 74, அங்க வர்ற பிரெம்ஸ்ஷ்ட்ராலுங் தான் ட்யூமருக்கு குடுக்கிற பீம். அதனால தான் அத 6 எம்இவின்னு சொல்லாம 6 எம்வின்னு (மெகாவோல்ட்) சொல்றோம், 6 எம்இவி போட்டான் அதுல உச்சத்துல தான் இருக்கு, சராசரி எடுத்தா அதுல மூணுல ஒரு பங்கு தான் வரும். தோல்கிட்ட இருக்கிற கட்டிக்கு எலக்ட்ரான் பீமே குடுக்கணும்னா டார்கெட்ட நகத்திடுவோம், கூடவே பீம் கரன்ட்டையும் பயங்கரமா குறைச்சாகணும், ஏன்னா டார்கெட்ல எக்ஸ்ரேயா மாறுறது கம்மிங்கறதால எக்ஸ்ரே மோடுல கரன்ட் அவ்வளவு ஏத்தி வெச்சிருப்போம். 1985லேர்ந்து 87 வரைக்கும் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் தெரக்-25ங்கற மெஷின்ல நடந்த விபத்துகள் இந்த இடத்துல தான் வந்துச்சு, சாஃப்ட்வேர் கோளாறுல எக்ஸ்ரே மோடுக்கு வேண்டிய கரன்ட் ஓடுது, நடுவுல இருக்க வேண்டிய டார்கெட் அங்க இல்ல, பேஷன்ட் மேல நேரா எலக்ட்ரான் விழுந்துச்சு. உயிர் போயிருக்கு. எங்க படிப்புல இத ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லிக் குடுக்குறாங்க, சொல்லிக் குடுக்கவும் வேணும்.

தரமணி_பயோ:
கதிர் சார் ரொம்ப நன்றி, வரிசைதான் முக்கியம்ங்கறது இப்ப தான் உறைக்குது. ரெண்டு சந்தேகம். வளைஞ்சா ஏன் போட்டான் வரணும்? அப்புறம், எலக்ட்ரான் கோடிக்கணக்கான அணுவ தாண்டி போகுது, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் வளையும்ல, அப்ப துளித்துளியா தான லைட் வரணும், திடீர்னு பாதி எனர்ஜிய ஒரே போட்டானா எப்படி விடுது?

மயிலை_வாத்தியார்:
நல்ல கேள்வி கேட்டம்மா. ரெண்டாவது கேள்விய நிறைய எம்எஸ்சி பசங்களே கேக்க மாட்டாங்க.

மொதல்ல வளைவு. எலக்ட்ரானோட மின்புலம் அது இருக்கிற இடத்தோட முடியறது இல்ல, சுத்தி ரொம்ப தூரம் பரவி இருக்கு. எலக்ட்ரான் நேர்கோட்டுல சீரா போனா புலமும் கூடவே போகும், ஒண்ணும் வெளிய கழண்டு போகாது. திடீர்னு திரும்புச்சுன்னா, "திரும்பிட்டேன்"ங்கற சேதி ஒளி வேகத்துல தான் வெளிய பரவ முடியும். தூரத்துல இருக்கிற புலம் இன்னும் பழைய பாதைக்கு ஏத்த மாதிரியே இருக்கும், கிட்ட இருக்கிறது புதுசுக்கு மாறிடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒளி வேகத்துல வெளிய ஓடுது பாரு, அது தான் கதிர்வீச்சு. வேகம் குறையணும்னு கூட அவசியம் இல்ல, திசை மாறினாலே போதும். எவ்வளவு பவர் போகும்ங்கறதுக்கு லார்மர் 1897ல சூத்திரம் குடுத்துட்டார், முடுக்கத்தோட வர்க்கத்துக்கு நேர் விகிதம். முடுக்கம்னா விசை வகுத்தல் நிறை, அதனால அணு எண்ணோட வர்க்கம் மேல வருது, நிறையோட வர்க்கம் கீழ வருது. கதிர் தம்பி சொன்னதுல பாதி இங்கேர்ந்து வந்தது தான். நிறை கீழ வருதுங்கறத ஞாபகம் வெச்சுக்கோ, எலக்ட்ரான் மட்டும் ஏன் இதுல இவ்வளவு பேர் வாங்குதுன்னா அது ரொம்ப லேசு.

இப்ப ரெண்டாவது. லார்மர் கணக்குப்படி பாத்தா நீ சொன்னது தான் சரி, ஒவ்வொரு அணுகிட்டயும் துளித்துளியா வரணும். ஆனா குவாண்டம் விதி அப்படி துளியா குடுக்க விடாது. பெரும்பாலான அணுகிட்ட எலக்ட்ரான் வளையும், குறிப்பிடும்படி எதையும் விடாது. எப்பவோ ஒரு தடவ, சாத்தியக்கூறு 137ல ஒண்ணுங்கற காரணியால குறைஞ்சு குறைஞ்சு, ஒரே ஒரு போட்டான் பெருசா வரும். சராசரி எடுத்தா லார்மர் சொன்ன மாதிரி கிட்டத்தட்ட வரும், ஆனா ஒரு தனி எலக்ட்ரானோட கதை சராசரி மாதிரி இருக்காது. ஒரே எனர்ஜில ரெண்டு எலக்ட்ரான் ஒரே தகட்டுக்குள்ள போனா ஒண்ணு அனேகமா அப்படியே வெளிய வரும், இன்னொண்ணு பாதிய தொலைச்சுட்டு வரும். முழு குவாண்டம் கணக்க 1934ல பேத்தேவும் ஹைட்லரும் போட்டாங்க, இன்னைக்கும் எல்லாரும் அதுலேர்ந்து தான் ஆரம்பிக்கிறாங்க. மெல்லிய தகடா இருந்தா போட்டான் எண்ணிக்கை அதோட எனர்ஜிக்கு தலைகீழ் விகிதம், அதாவது 10லேர்ந்து 20 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) வரைக்கும் எத்தன போட்டானோ 100லேர்ந்து 200 வரைக்கும் ஏறக்குறைய அத்தனையே. மேல ஒரு உச்சவரம்பு இருக்கு, எலக்ட்ரான்கிட்ட இருந்த மொத்த எனர்ஜிக்கு மேல ஒரு போட்டான் போக முடியாது. எக்ஸ்ரே குழாய்ல அந்த உச்சவரம்ப 1915ல டுவேனும் ஹன்ட்டும் அளந்தாங்க, அது வோல்ட்டேஜுக்கு நேர் விகிதமா ஏறுது, அதுலேர்ந்து பிளாங்க் மாறிலியவே கணக்கு போட்டு எடுக்கலாம். எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இது. ஸ்விட்ச்ல வெச்ச வோல்ட்டேஜும் ஸ்பெக்ட்ரம் சட்டுனு அறுந்து நிக்கிற இடமும் சேந்து குவாண்டம் மாறிலிய கைல குடுக்குது.

இன்னொண்ணு, வெற்றிடத்துல தனியா போற எலக்ட்ரான் தானா போட்டான் விட முடியாது. எனர்ஜியும் உந்தமும் ஒரே நேரத்துல சரியா வராது. அணுக்கரு பக்கத்துல இருந்து மிச்ச உந்தத்த வாங்கிக்கணும். அது அவ்வளவு கனம்ங்கறதால எனர்ஜிய வாங்காம உந்தத்த மட்டும் வாங்கிக்கும்.

பெரம்பூர் தம்பி சொன்ன செரன்கோவுக்கு எலக்ட்ரான் வளையவே வேண்டாம். ஒரு பொருளுக்குள்ள ஒளி போற வேகத்த விட எலக்ட்ரான் வேகமா போனா, சுத்தி இருக்கிற பொருள் தான் ஒளி விடுது, அது கண்ணுக்கு தெரியற நீலமும் புற ஊதாவும். தண்ணில அதுக்கு 0.26 எம்இவிக்கு மேல வேணும், அதனால பி-32 கிட்டயும் அது உண்டு. சின்டிலேஷன் கவுண்டர்ல (ஒளித்துடிப்ப எண்ணுற மெஷின்) காக்டெயில், அதாவது கதிர் பட்டா ஒளி விடுற திரவம், ஊத்தாம வெறும் தண்ணிலயே பி-32 எண்ணுவாங்களேம்மா, அது அந்த வெளிச்சம் தான்.

தரமணி_பயோ:
ஆமா சார் எங்க லேப்லயும் அப்படி தான் எண்ணுவோம்!! அதுக்கு காரணம் இப்ப தான் தெரியுது.

ராயப்பேட்டை_எக்ஸ்ரே:
நான் எக்ஸ்ரே டெக்னீஷியன், ஒரு விஷயம் சேக்குறேன். எக்ஸ்ரே எடுக்கப் போனா "மூச்ச இழுத்துப் பிடிங்க"ன்னு சொல்லிட்டு பட்டன அரை அழுத்து அழுத்துவோம், அப்ப விர்ருனு ஒரு சத்தம் வரும் கேட்டிருப்பீங்க, அது எலக்ட்ரான் வந்து மோதுற ஆனோட் தட்டு சுத்த ஆரம்பிக்கிற சத்தம், நிமிஷத்துக்கு 3000 சுத்துக்கு மேல போகும். ஏன் சுத்தணும்னா 100 கேவில எலக்ட்ரான் எனர்ஜில 1 சதவீதம் கூட எக்ஸ்ரேயா மாறாது, மீதி 99ம் சூடு, ஒரே இடத்துல அடிச்சா டங்ஸ்டனே உருகிடும், அது உருகுறதே 3422 டிகிரி செல்சியஸ்ல. அதனால தட்டு சுத்தி சுத்தி சூட்ட பரப்பிக்கும். காலைல மொத பேஷன்ட்டுக்கு முன்னாடி கம்மி எக்ஸ்போஷரா சிலது போட்டு ட்யூப வார்ம்அப் பண்ணுவோம், ஜில்லுனு இருக்கிற தட்டுல திடீர்னு பெரிய லோடு குடுத்தா விரிசல் விட்டுடும். பழைய ட்யூப்ல ட்ராக் சொரசொரப்பாகி அவுட்புட் இறங்கிடும், எக்ஸ்ரே அந்த குழிக்குள்ளயே உண்டாகி அங்கயே கொஞ்சம் மாட்டிக்கும்.

கதிர் சார், ஒரு சந்தேகம், எங்க ட்யூப்ல பீம் பக்கவாட்டுல வருது, உங்க லினாக்ல ஏன் நேரா டார்கெட்ட தாண்டி முன்னாடி வருது?

கதிர்_மெட்பிசிக்ஸ்:
வேகம் தான் காரணம். 100 கேவில எலக்ட்ரான் ஒளி வேகத்துல பாதி சொச்சம் தான், அதனால எக்ஸ்ரே எல்லா பக்கமும் தெறிக்கும், நீங்க பக்கவாட்டுல எடுத்துக்கிறீங்க. 6 எம்இவில அது கிட்டத்தட்ட ஒளி வேகம், அப்ப விடுற போட்டான் எல்லாம் எலக்ட்ரான் போற திசைலயே ஒரு குறுகின கூம்புக்குள்ள குவியும், கணக்குப்படி 4, 5 டிகிரி, டார்கெட்டுக்குள்ள எலக்ட்ரான் அங்கயும் இங்கயும் சிதறுறதால நிஜத்துல இன்னும் அகலம். நடுவுல அதிகமா இருக்கிற அந்த பீம சமப்படுத்த கூம்பு வடிவத்துல ஒரு உலோக ஃபில்டர் போடுவோம். எலக்ட்ரான் எனர்ஜி ஏற ஏற எக்ஸ்ரேயா போற பங்கும் ஏறும். எனர்ஜிய எம்இவில வெச்சு அணு எண்ணால பெருக்கி 800ஆல வகுத்தா, கதிர்வீச்சா போறதுக்கும் தட்டி போறதுக்கும் உள்ள விகிதம் தோராயமா வரும். டங்ஸ்டன்ல 6 எம்இவிக்கு போட்டு பாருங்க, 0.55. உங்க ட்யூபோட 1 சதவீதத்துலேர்ந்து எங்க வந்துட்டோம் பாருங்க.

திருவான்மியூர்_மியூவான்:
இன்னும் மேல போனா கதை முழுசா திரும்பிடும், அத சொல்லாம விட மனசு வரல. ஈயத்துல 7.4 எம்இவிக்கு மேல, தண்ணில 78 எம்இவிக்கு மேல தட்டி இழக்கிறத விட கதிர்வீச்சா இழக்கிறது தான் அதிகம். அப்புறம் எவ்வளவு தூரம் போகும்ங்கறத ரேடியேஷன் லெங்த்னு ஒரு நீளத்தால சொல்லுவோம், அவ்வளவு தூரம் போனா சராசரியா எனர்ஜி 37 சதவீதமா இறங்கிடும். ஈயத்துல அது 0.56 செமீ, தண்ணில 36 செமீ, காத்துல 300 மீட்டர் சொச்சம். வெளிய வந்த போட்டான் மறுபடி ஒரு அணுக்கருகிட்ட எலக்ட்ரானும் பாசிட்ரானுமா (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள எலக்ட்ரான்) பிரியும், அது ரெண்டும் மறுபடி போட்டான் விடும், அப்படியே பெருகி ஒரு மழையா இறங்கும். வானத்துலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர்ல இத கணக்கு போட்டு காட்டினது நம்ம ஹோமி பாபாவும் மேல வாத்தியார் சார் சொன்ன அதே ஹைட்லரும், 1937ல, பாபா அப்ப கேம்பிரிட்ஜ்ல இருந்தார். இன்னைக்கு ஊட்டில இருக்கிற கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அந்த மழைகள தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

இதுல ஒரு விஷயம் என்ன ரொம்ப யோசிக்க வெச்சது. நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்து மொத்தமும் கணக்கு போட்டா 28 ரேடியேஷன் லெங்த் வரும், ஒரு எலக்ட்ரான் அத தாண்டி நேரா தரைக்கு வர வாய்ப்பே இல்ல. ஆனா 1930கள்ல கனமான ஈயத் தகட்டயும் சர்வ சாதாரணமா தாண்டி போற துகள் தெரிஞ்சுச்சு. எலக்ட்ரான்னு நினைச்சவங்களுக்கு பேத்தே ஹைட்லர் கணக்கே பெரிய எனர்ஜில தப்போன்னு சந்தேகம் வந்துச்சு. கணக்கு சரி, துகள் தான் வேற. 1936, 37ல ஆண்டர்சனும் நெடர்மேயரும் அது எலக்ட்ரான விட கனமான புது துகள்னு காட்டினாங்க, இப்ப அதுக்கு பேர் மியூவான், 207 மடங்கு கனம். வாத்தியார் சார் நிறையோட வர்க்கம் கீழ வருதுன்னாரே, 207ஐ வர்க்கம் பண்ணா சுமார் 43000. அத்தனை மடங்கு கம்மியா கதிர்வீச்சு விடும், அதனால தான் தாண்டி வருது. இத படிக்கிறப்பவும் உங்க உள்ளங்கைய நிமித்தி வெச்சா நொடிக்கு ஒண்ணு கணக்குல போய்க்கிட்டு தான் இருக்கு.

இன்னும் ஒண்ணு. பயங்கர எனர்ஜில ஒரு போட்டான் ஒரே அணுகிட்ட "டக்"னு பொறக்கிறது இல்ல, அதுக்கு நீளம் வேணும். 25 ஜிஇவி (ஒரு ஜிஇவின்னா 1000 எம்இவி) எலக்ட்ரான் 100 எம்இவி போட்டான விடணும்னா ஏறக்குறைய 10 மைக்ரான் தூரம் எடுக்கும், அதுக்குள்ள பல்லாயிரம் அணு வந்துடும். அந்த அணுக்கள் எல்லாம் எலக்ட்ரான தள்ளிவிட்டு தள்ளிவிட்டு போட்டான் உருவாகுறதயே கெடுக்கும், அதனால சின்ன எனர்ஜி போட்டான் எண்ணிக்கை பேத்தே ஹைட்லர் சொன்னத விட குறையும். லாண்டாவும் பொமரான்சுக்கும் 1953ல சொன்னாங்க, மிக்டல் 1956ல முழு கணக்கு போட்டார், ஸ்டான்ஃபோர்ட்ல இருக்கிற ஸ்லாக் துகள் முடுக்கி லேப்ல 25 ஜிஇவி எலக்ட்ரான வெச்சு துல்லியமா அளந்தது 1993ல. 40 வருஷம் காத்திருந்துச்சு.

தரமணி_பயோ:
படிக்க படிக்க சந்தோஷமா இருக்கு, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு, லேப் வேலைக்கே. அக்ரிலிக் ஷீல்டுக்கு இந்தப் பக்கம் ஜிஎம் கவுண்டர் (கதிர எண்ணுற கைகர் கவுண்டர்) வெச்சா அப்பப்ப டிக் டிக்னு மெதுவா வருது, அது பேக்கிரவுண்ட விட கொஞ்சம் தான் ஜாஸ்தி. அப்ப பயப்பட ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கலாமா?

கதிர்_மெட்பிசிக்ஸ்:
அந்த சத்தத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க. பீட்டா உள்ள வந்தா ஜிஎம் ட்யூப் அனேகமா எல்லாத்தையும் எண்ணும், ஆனா இந்த எக்ஸ்ரே போட்டான் நூறு வந்தா ஒண்ணு ரெண்டு தான் எண்ணும், மத்தது சத்தமே இல்லாம தாண்டி போயிடும். ஷீல்டுக்கு வெளிய அளக்கணும்னா சோடியம் அயோடைடு புரோப் இருக்கிற மீட்டர உங்க ஆர்எஸ்ஓகிட்ட (கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி) கேளுங்க. அதுல கணிசமா காட்டினா அக்ரிலிக்குக்கு வெளிப்பக்கம் மெல்லிசா ஒரு ஈயத் தகடு போதும், இங்க வர்ற போட்டான் பெரும்பாலும் சின்ன எனர்ஜி தான். அத விட கவனமா இருக்க வேண்டியது உங்க விரல். ஷீல்டு முகத்துக்கும் உடம்புக்கும் தான், கை ரெண்டும் உள்ள இருக்கு, திறந்த வயல்லேர்ந்து வர்ற பீட்டா நேரா தோல்ல விழும், அங்க எக்ஸ்ரே எல்லாம் கணக்குலயே இல்ல. வயல விரலால பிடிக்காம அக்ரிலிக் பிளாக்ல நிறுத்தி வேலை செய்ங்க, ரிங் டிஎல்டிய (விரல்ல விழுற கதிர்வீச்ச அளக்கிற மோதிரம்) சோர்ஸ பாத்த மாதிரி கிளவுஸுக்கு உள்ள போடுங்க. வேஸ்ட் டப்பாவும் அக்ரிலிக்லயே வாங்க சொல்லுங்க, அரை ஆயுள் 14.3 நாள், பத்து அரை ஆயுள் வரைக்கும் அதுலயே மூடி வெச்சிருந்து அப்புறம் ஆர்எஸ்ஓ சொல்ற மாதிரி அப்புறப்படுத்தலாம்.